மேசையிற் கிடந்தவர் யார்?

மெய் என்பது தமிழில் ஓர் அருமையான சொல். அஃது உடம்பையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். இரண்டுக்கும் ஒரு சொல்லையே வைத்துப் போன முன்னோரை வியந்து, வகுப்பிலே ஒரு நாள் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டிருந்த மாணவன் ஒருவன் மறுநாள் ஒரு கட்டுரையுடன் வந்தான். பேச்சுப் போட்டி ஒன்றுக்காக எழுதியது. 'உடற்கூற்றியலின் வரலாறு' என்பது தலைப்பு. தமிழைத் திருத்தித் தரவேண்டும் என்று கேட்டான்.

தமிழிலே திருத்துவதற்கு அதிகம் இருக்கவில்லை. பெரியோர் பலர் வரிசையாக வந்தார்கள். கலென் வந்தார், வெசாலியஸ் வந்தார், ஹார்வே வந்தார். மூடநம்பிக்கை என்னும் இருளை அவர்கள் அறிவு விளக்கேந்தி ஓட்டினார்கள். அறுத்தார்கள், கண்டார்கள், எழுதினார்கள். படிக்கப் படிக்க எனக்கு ஒரு குறை தட்டியது. இலக்கணக் குறைதான். 'அறுத்தல்' செயப்படுபொருள் குன்றாத வினை. அறுத்தார் என்றால் யாரை, எதனை என்ற வினா உடனே எழும். கட்டுரை முழுவதிலும் எழுவாய் இருந்தது; பயனிலை இருந்தது; செயப்படுபொருளைக் காணவில்லை.

"தம்பி, யாரை அறுத்தார்கள்?" என்று கேட்டேன்.

"பிரேதத்தை, ஐயா."

"யாருடைய பிரேதத்தை?"

பையன் விழித்தான். உண்மையைச் சொன்னால் நானும் விழித்தேன். எனக்கும் விடை தெரியாது. யான் வைத்தியனல்லன், தமிழ் படிப்பித்துச் சீவிப்பவன். ஆயினும் கேட்ட கேள்விக்கு விடை காணாது விடுதல் ஆசிரியனுக்கு அழகன்று. கிடைத்த நூல்களைச் சில மாதம் புரட்டினேன். கண்ட விடை வைத்தியருக்கு வேண்டியதிலும் அதிகமாக ஆசிரியருக்கு வேண்டியது என்று தோன்றியது. ஆதலின் இங்கே எழுதத் துணிந்தேன்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றேன். உடற்கூற்றியலின் வரலாறு அறிவுக்கும் அறியாமைக்கும் நடந்த போரின் கதை மாத்திரமன்று. அது நகரத்தின் கதை, அரசியலின் கதை. மேசைக்கு வந்து சேரும் உடல் எவருடையது என்பதைக் கத்தி பிடித்தவர் தீர்மானிக்கவில்லை. அரசனும் சட்டமும் சந்தையும் தீர்மானித்தன. அந்தப் பகுதியை மறைத்துவிட்டு மாணவருக்குச் சொல்லும் வரலாறு பாதி மெய்யேயாம்.

தொடக்கமே நகரத்தில்தான். கி. மு. மூன்றாம் நூற்றாண்டிலே எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியாவில் ஹெரோபிலஸ், எராசிஸ்திராதஸ் என்னும் கிரேக்க வைத்தியர் இருவர் மனித உடலை முறையாக அறுத்து ஆராய்ந்தனர். அது புதிய நகரம். ஆண்டவர்கள் தொலமி வமிசத்துக் கிரேக்க மன்னர், ஆளப்பட்டோர் எகிப்தியர். தங்கள் நகரம் அறிவிலே உலகத்துக்குத் தலைநகராக வேண்டும் என்பது மன்னரின் விருப்பம். நூலகம் அமைத்தவர்களும் அவர்களே. வைத்தியருக்கு உடல் கொடுத்தவர்களும் அவர்களே. சிறையிலிருந்த குற்றவாளிகளை மன்னர் அனுப்பினர் என்றும், உயிரோடேயே அவர்கள் அறுக்கப்பட்டனர் என்றும் கெல்சஸ் என்னும் உரோம ஆசிரியர் எழுதிவைத்தார். அது முற்றும் மெய்யோ, மிகையோ என அறிஞர் வாதிடுவர். உடல் வந்த வழி அரண்மனை வாயில் என்பதில் வாதமில்லை.

அந்த வாயில் அடைபட்டபின் மனித உடலை அறுத்தாயும் வழக்கம் பல நூற்றாண்டு அற்றுப்போயிற்று. கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியிலே பெரும் புகழ் பெற்ற கலென் குரங்கையும் பன்றியையும் அறுத்தே மனிதனைப் பற்றி எழுதினார். அவர் எழுத்தில் இருந்த பிழைகள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுவரை வேதவாக்காய் நின்றன.

பின்னர் இத்தாலி. கிறித்தவ சபை தடுத்தது, அறிஞர் மீறினர் என்று பலர் எழுதுவர். என் மாணவனும் அப்படியே எழுதியிருந்தான். எட்டாம் பொனிபாஸ் பாப்பரசர் 1299-இல் இட்ட கட்டளையை இதற்குச் சான்று காட்டுவது வழக்கம். அந்தக் கட்டளை கண்டித்தது வேறொன்றை. தூரதேசத்தில் இறந்தவரின் உடலைக் கூறுபோட்டு வேகவைத்து, எலும்பை மாத்திரம் ஊருக்குக் கொண்டுவரும் வழக்கத்தை அது கண்டித்தது. அதன்பின் பதினேழு ஆண்டு கழித்து, 1316-இல், பொலோஞா நகரத்து ஆசிரியரான மொந்தினோ மனித உடலை அறுத்துக் கண்டவற்றை நூலாக எழுதினார். இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக அதுவே பாடநூல். பல்கலைக்கழகத்துக்கு உடல் கொடுத்தவர் நகரத்து அதிகாரிகள். கொடுத்த உடல் தூக்கிலிட்ட குற்றவாளியுடையது. அவனும் பெரும்பாலும் அயலூரான். சொந்த ஊரானுக்கு இனசனம் உண்டு. இழவு கொண்டாட ஆள் உண்டு. கேள்வி கேட்க வாய் உண்டு. அயலூரானுக்கு அவை இல்லை.

இந்த ஒரு குறிப்பே வரலாறு முழுவதற்கும் திறவுகோல் என்பேன். நாடு மாறும்; நூற்றாண்டு மாறும்; மேசையிற் கிடப்பவன் மாத்திரம் மாறான். கேட்க ஆளில்லாதவனே அவன்.

வெசாலியஸை எடுத்துக்கொள்வோம். அவர் பெருமையை யான் குறைக்க வரவில்லை. 1543-இல் பாசல் நகரில் அச்சான அவரது நூல் கலெனுடைய பிழைகளை நேருக்கு நேராகக் காட்டியது. கண்ணாற் கண்டதையே நம்பு என்று உலகத்துக்குச் சொன்னது. ஆனால் அவர் கண்ணுக்கு முன்னே உடலைக் கொண்டுவந்து கிடத்தியது யார்? பாதுவாவிலே அவர் படிப்பித்தபோது அந்நகரம் வெனிஸ் குடியரசின் ஆட்சியில் இருந்தது. அங்கே மார்க்கன்தோனியோ கொந்தாரினி என்னும் நீதிபதி அவரது வேலையில் ஆர்வங்கொண்டார். தூக்கிலிட்டவரின் உடல்களைக் கொடுத்தார். பாடத்துக்கு வேண்டிய காலம் பார்த்துத் தூக்குத் தண்டனையையும் ஒத்திவைத்தார். பாடவேளைக்கு இசைய மரணவேளை குறிக்கப்பட்டது! தம் இளமையில் லூவேன் நகரத்துத் தூக்குமரத்திலிருந்து எலும்புக்கூட்டைத் திருடியதையும் வெசாலியஸ் மறைக்கவில்லை, பெருமையுடனே எழுதியுள்ளார். பாரிசிலே அவர் எலும்பு பொறுக்கிப் படித்த இடம் நகரத்து ஏழைகளைத் திரள் திரளாகப் புதைத்த இடுகாடு.

ஒல்லாந்து தேசத்து ஓவியர் றெம்பிராண்ட் 1632-இல் தீட்டிய படத்தைப் பலர் கண்டிருப்பர். அம்ஸ்ரடாம் நகரத்து இரணவைத்தியர் சங்கத்தார் சூழ்ந்து நிற்க, டொக்டர் துல்ப் பிரேதமொன்றின் கைத்தசையை விளக்கிக் காட்டுகின்றார். ஆண்டுக்கொரு முறை குளிர்காலத்திலே இந்நிகழ்ச்சி பகிரங்கமாய் நடக்கும். துல்ப் பின்னாளில் நகரபிதாவுமானார். படத்தில் நிற்கும் ஒருவர் கையிலே ஒரு கடதாசி இருக்கின்றது. நிற்பவர்களுடைய பெயர்களைப் பிற்காலத்தில் அதிலே எழுதிவைத்துள்ளனர். கிடப்பவன் பெயர் அதில் இல்லை. அது நீதிமன்றத்துப் பதிவிலே இருக்கின்றது: ஆரிஸ் கிண்ட். திருட்டுக்காகத் தூக்கிலேறியவன். படத்தின் நடுவிலே, வெளிச்சமெல்லாம் விழும் இடத்திலே கிடப்பவன் அவன். பெயர்ப் பட்டியலிலே இல்லாதவனும் அவன் ஒருவனே.

இனி இங்கிலாந்து. இந்தக் கதையின் கொடிய பகுதியும், நாம் படிக்கவேண்டிய பகுதியும் அங்கேதான் உள்ளன.

1540-இல் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்துச் சட்டம், இலண்டன் நாவிதரும் இரணவைத்தியரும் சேர்ந்த சங்கத்துக்கு ஆண்டுக்கு நான்கு உடல்களை அளித்தது. எல்லாம் தூக்கிலிட்டவர்களுடையவை. 1752 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கொலைகாரனைத் தூக்கிலிட்டால் மாத்திரம் போதாது. அவனை அடக்கஞ் செய்யாமல் அறுத்தாய்தல் வேண்டும், அன்றேல் சங்கிலியிலே தொங்கவிடுதல் வேண்டும் என்றது. அஃதாவது, அறுத்தாய்தல் தண்டனையின் ஒரு பகுதியாயிற்று. இதனை நன்றாக மனத்திற் பதித்தல் வேண்டும். அறிவு தேடும் ஒரு செயலை அரசே அவமானத்தின் முத்திரை ஆக்கியது. அறுவை மேசையைக் கண்டு ஏழைகள் அஞ்சினர் என்றால், அந்த அச்சத்தைப் படிப்பித்தது சட்டம். இலண்டன் தைபேண் தூக்குமேடையின் அடியிலே, செத்தவனின் உறவினரும் கூட்டாளிகளும் இரணவைத்தியரின் ஆட்களோடு கட்டிப் புரண்டு பிரேதத்தை மீட்டது, அவன் ஆன்மா மோட்சம் போகாது என்ற பயத்தால் மாத்திரமன்று. தம்மவனை நாட்டின் கண்முன்னே இன்னொரு முறை கொல்ல விடமாட்டோம் என்ற மானத்தாலுமாம்.

நூற்றாண்டு திரும்பும்போது நகரங்கள் பெருத்தன. நெப்போலியனோடு நடந்த போருக்கு இரணவைத்தியர் வேண்டியிருந்தனர். வைத்தியப் பாடசாலைகள் பெருகின. மாணவன் ஒவ்வொருவனும் தன் கையாலே அறுத்துப் படிக்கவேண்டும் என்ற நல்ல முறை வந்தது. தூக்குமரம் தரும் உடல்களோ சில. தேவை பெருகிப் பண்டம் அருகினால் சந்தை பிறக்கும். பிணச்சந்தை பிறந்தது.

அந்நாட்டுச் சட்டத்தில் பிரேதம் எவருக்கும் சொத்தன்று. ஆகவே பிரேதத்தை எடுத்தல் களவாகாது. அதைச் சுற்றிய சீலையை எடுத்தால் களவாகும்! புதைகுழியைத் தோண்டுவோர் சீலையைக் கழற்றிக் குழிக்குள்ளேயே போட்டுவிட்டு உடலைக் கொண்டுபோயினர். பணமுள்ளவர் இரும்புப் பெட்டி செய்வித்தனர், புதைகுழிக்கு இரும்புக்கூடு மாட்டினர், காவலாள் வைத்தனர். ஏழைகளைப் புதைத்ததோ ஆழமில்லாத பொதுக்குழி. எந்தக் குழி இலகுவில் தோண்டப்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சந்தையின் முடிவு எடின்பரோவிலே தெரிந்தது. 1827-ஆம் ஆண்டு முடிவிலே அந்நகரத்து வாடகை விடுதி ஒன்றில் வயோதிபர் ஒருவர் நோயால் இறந்தார். விடுதிக்காரன் ஹெயர், கூட்டாளி பேர்க். இருவரும் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். இறந்தவர் தரவேண்டிய வாடகைக்கு ஈடாக அவருடைய உடலை டொக்டர் நொக்ஸ் நடத்திய வைத்தியப் பாடசாலையில் விற்றனர். கிடைத்தது 7 பவுண் 10 சிலிங். நோயால் இறக்கும்வரை காத்திருப்பானேன் என்ற எண்ணம் பின்பு வந்தது. 1828-இல் பதினாறு பேரை அவர்கள் கொன்று விற்றனர். விருந்தினர், பிச்சைக்காரர், வேலை தேடி வந்த பெண்கள், தெருவிலே திரிந்த பேதைப் பையன் ஒருவன். ஹெயர் அரசதரப்புச் சாட்சியாகித் தப்பினான். பேர்க்கை 1829 சனவரி 28-இல் தூக்கிலிட்டு, அவனுடைய உடலையும் அறுத்தாய்ந்தனர். அவனது எலும்புக்கூடு எடின்பரோப் பல்கலைக்கழகத்திலே பேணப்பட்டுள்ளது. விலைகொடுத்து வாங்கிய நொக்ஸ்மீது வழக்கு நடக்கவில்லை.

இந்தக் கதையைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கொலையை நினைந்தன்று. கொலைகாரர் எந்தக் காலத்திலும் உண்டு. பதினாறு பேர் ஓராண்டுக்குள்ளே மறைந்தும், கடைசிப் பிரேதம் வைக்கோலுக்குள்ளே அகப்படும்வரை ஊர் எழும்பவில்லை என்பதே என்னைக் கலக்கியது. நம் கிராமங்களிலே ஒருவர் கண்மூடினால் ஒழுங்கை முழுவதும் அறியும். பறை ஒலி கேட்டதும் யார் என்று விசாரியாத வாய் இராது. பேசாதிருந்த பகையாளியும் செத்தவீட்டுக்குப் போவான். எடின்பரோவின் அந்த விடுதியிலே இன்று இருந்தவர் நாளை இல்லை என்றால், போய்விட்டார் என்றே எண்ணுவர். எங்கே என்று கேட்க எவருமில்லை. நகரம் பலருக்குச் சுதந்திரம் கொடுத்தது, மெய்தான். அது சிலரைக் கேள்வியற்றவராகவும் ஆக்கியது. உடற்கூற்றியல் வளர்ந்தது அந்தக் கேள்வியற்றவர் மேலே.

அரசாங்கம் என்ன செய்தது? செய்யத்தான் செய்தது. ஹென்றி வோபேட்டன் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் முயன்று, 1832-இலே உடற்கூற்றியற் சட்டத்தை நிறைவேற்றுவித்தார். கொலைகாரரை அறுக்கும் தண்டனை ஒழிந்தது. பிணக்களவும் ஒழிந்தது. இவை நன்மைகள், மறுக்கமாட்டேன். ஆனால் தூக்குமரத்துக்குப் பதிலாக உடல் எங்கிருந்து வந்தது? உடலைச் சட்டப்படி தன் கையிலே வைத்திருப்பவர் அதனை வைத்தியப் பாடசாலைக்குக் கொடுக்கலாம் என்றது சட்டத்தின் ஒரு பிரிவு. ஏழை என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. ஆனால் மனிதர் ஒருவர் தம் வீட்டிலன்றி, வறியோர் விடுதியிலே இறந்தால், உடல் யார் கையில் இருக்கும்? விடுதிப் பொறுப்பாளர் கையில். எனக்கு இது வேண்டாம் என்று சொல்ல ஏழைக்கு வழி உண்டா? உண்டு. எழுத்திலே எழுதிவைக்கலாம், அல்லது மரணப் படுக்கையிலே இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வாயாற் சொல்லலாம். எழுதத் தெரியாதவன், பெற்றோர் பிள்ளையைப் பிரிந்து விடுதிக் கட்டிலிலே மூச்சு வாங்கிக் கிடப்பவன், இரண்டு சாட்சியை எங்கே தேடுவான்?

அந்நாளிலே அடிபட்ட ஒரு சொல் 'உரிமை கோரப்படாத பிரேதம்' என்பது. சொல்லையே தொழிலாகக் கொண்டவன் யான். இந்தச் சொல்லின்மேல் எனக்குத் தீராத ஐயம். கோரப்படாதது வேறு; கோரமுடியாதது வேறு. அடக்கச் செலவுக்குக் கையிலே காசில்லாத மகள், தாயின் உடலை எப்படிக் கோருவாள்? கோரினால் அடக்கஞ் செய்தல் வேண்டும். அடக்கஞ் செய்யக் காசு வேண்டும். காசில்லாமையை அன்பில்லாமையாகக் கணக்கெழுதிய சொல் அது. சட்டங்களிலே உள்ள கொடுமை பல வேளையில் சொல்லுக்குள்ளேதான் ஒளிந்திருக்கும்.

ஆண்டையும் கவனிக்க வேண்டும். அதே 1832-இலேதான் பாராளுமன்றச் சீர்திருத்தச் சட்டமும் வந்தது. நடுத்தர வகுப்பாருக்கு வாக்குரிமை கிடைத்தது. ஏழைக்குக் கிடைக்கவில்லை. இரண்டாண்டு கழித்து, 1834-இல் வந்த புதிய வறியோர் சட்டம், உதவி வேண்டுபவன் விடுதிக்குள்ளே புகவேண்டும் என்றது. ஒரு சட்டம் அவனுக்கு வாக்கை மறுத்தது. ஒரு சட்டம் அவனை விடுதிக்குள்ளே தள்ளியது. ஒரு சட்டம் அங்கே அவன் இறந்தால் உடலை எடுத்துக்கொண்டது. ரூத் ரிச்சட்சன் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியை 1987-இல் வெளியிட்ட நூலிலே கணக்குக் காட்டுகின்றார். அச்சட்டம் வந்தபின் முதல் நூறு ஆண்டிலே இலண்டனில் அறுத்தாயப்பட்ட உடல்கள் ஏறத்தாழ 57,000. வறியோரை வைத்திருந்த நிலையங்களிலிருந்து வராதவை அவற்றுள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

சட்டத்தை ஆதரித்தவர் தீயவரா? அல்லர்; என்னை வருத்துவது அதுவே. அவர்களிலே பலர் சீர்திருத்தவாதிகள்; நோயாளிமேல் இரக்கமுள்ளவர்கள். சொல்லியபடி செய்தவரும் ஒருவர் இருந்தார். தத்துவஞானி ஜெரமி பெந்தம் தம் உடலை அறுத்தாயும்படி எழுதிவைத்தார். 1832 சூனில் அவர் இறந்தபோது, நண்பர் டொக்டர் சவுத்வூட் சிமித் அவ்வாறே செய்தார். உடை உடுத்தி இருத்திய அவரது எலும்புக்கூடு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே உள்ளது. ஆனால் அவர் பின்னே சென்றவர் மிகச் சிலர். சட்டத்துக்குக் கையுயர்த்திய கனவான்களிலே எத்தனை பேர் தம் உடலை எழுதிவைத்தனர்? மூடநம்பிக்கை ஏழையிடத்தே மாத்திரம் இருந்திருந்தால், செல்வரின் உடல்கள் வரிசையாக வந்திருக்க வேண்டுமல்லவா?

ஏழைகளின் எதிர்ப்பை அறியாமை என்று எழுதும் வழக்கத்தை நாம் கைவிடவேண்டும். அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று தருகின்றேன். 1788 பெப்ரவரியிலே நியூயோர்க் நகரத்துக் கறுப்பின மக்கள், அடிமைகளும் விடுதலை பெற்றோருமாக, நகர சபைக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினர். தம்மவரின் இடுகாட்டை இரவிலே தோண்டி உடல்களை எடுக்கின்றார்கள் என்று முறையிட்டனர். அறுத்தாய்தலையே தடுக்கும்படி அவர்கள் கேட்கவில்லை. இறந்தோருக்குரிய மரியாதையையே கேட்டனர். சபை செவிசாய்க்கவில்லை. வெள்ளையரின் இடுகாட்டிலும் களவு நடந்தது என்ற செய்தி பரவியபோது, ஏப்பிரலிலே நகரமே கிளர்ந்தெழுந்தது, உயிர்கள் போயின, மறு ஆண்டிலே சட்டம் வந்தது. பணிவாகவும் தெளிவாகவும் எழுதிய விண்ணப்பம் முன்னே வந்தது. கலகம் பின்னே வந்தது. எது அறிவு, எது அறியாமை என்று வாசகரே கூறுக.

இத்தனையும் எங்கோ நடந்த கதை என்று யான் புத்தகத்தை மூடப்போனேன். மூட முடியவில்லை. 1858-இல் இலண்டனில் ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூல் வெளிவந்தது. ஹென்றி வண்டைக் காட்டர் வரைந்த 363 படங்கள் கொண்டது. உலகமெங்கும் வைத்திய மாணவர் படித்த நூல். அதற்காக அறுத்தாயப்பட்டவை 1832-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உடல்கள். அஃதாவது இலண்டன் ஏழைகளின் உடல்கள். 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே வைத்தியம் படிப்பித்த அமெரிக்க மிஷனரி டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களை நாம் நன்றியோடு போற்றுகின்றோம். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பிக்கலாம் என்று காட்டியவர் அவர். கிரே முதலானோருடைய நூல்களைக் கொண்டு அவர் தமிழில் ஆக்குவித்த 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இல் வெளிவந்தது. பாதாதிகேசம் பாடிய மொழி அங்காதிபாதமும் எழுதியது என்று யான் பல மேடைகளிலே பெருமை பேசியிருக்கின்றேன். அந்தப் பெருமையை இன்றும் விடேன். ஆனால் நம் மொழிக்கு வந்த அந்த அறிவுக்கும் அடியிலே, இலண்டன் விடுதியொன்றிலே பெயரில்லாமல் இறந்த யாரோ ஒரு கிழவி கிடக்கின்றாள். தமிழும் அவளுக்குக் கடன்பட்டது.

ஒருவர் கேட்கலாம்: "பண்டிதரே, அந்த உடல்கள் இல்லாவிட்டால் இன்று உம்முடைய வயிற்றை எந்த வைத்தியர் திறப்பார்? பயனை அனுபவித்துக்கொண்டே பழி கூறலாமா?" நியாயமான கேள்வி. அறுத்தாய்தல் தவறு என்று யான் ஒரு வரியும் எழுதவில்லை. மனித உடலை அறியாதவன் கையிலே கத்தியைக் கொடுத்தல் கொலைக்கு ஒப்பாகும். பயனை ஏற்கின்றேன். ஏற்பதனாலேயே கடனையும் ஏற்கின்றேன். கடனை ஒப்புக்கொள்ளாமல் முதலை மாத்திரம் அனுபவிப்பவனுக்கு நம் ஊரிலே என்ன பெயர் என்பதை யாவரும் அறிவர்.

ஏழையின் உடலைப் பறித்தாலன்றி அறிவு வளராது என்பதும் பொய்யென்று பின்னாளிலே தெரிந்தது. பிரித்தானியாவிலே இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய காலத்திலேதான், தாமே எழுதிவைத்தவரின் உடல்கள் பெரும்பான்மையாயின. அதே காலத்திலே, 1948-இல், ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரேவிதமாய் வைத்தியம் செய்யும் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. பழைய வறியோர் சட்டமும் ஒழிந்தது. இரண்டும் தற்செயலாக ஒத்துவந்தன என்று யான் நினைக்கவில்லை. வைத்தியசாலையைக் கண்டு அஞ்சத் தேவையில்லாத மக்கள் அதற்குத் தம் உடலையும் கொடுக்கத் துணிந்தனர். பறித்தபோது மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், கேட்டபோது கொடுத்தார்கள்.

தாய்லாந்திலே வைத்திய மாணவர் தமக்குக் கிடைத்த உடலைப் பிரேதம் என்று சொல்வதில்லை; 'பெரிய ஆசிரியர்' என்று சொல்லுவர். அவருடைய பெயரை அறிவர், வணங்கிவிட்டே தொடுவர். நம் நாட்டிலும் தம் உடலை மருத்துவ பீடத்துக்கு எழுதிவைப்போர் உளர். ஆயினும் உலகத்தின் பல நாடுகளிலே, உரிமை கோரப்படாத உடல் என்ற பழைய சொல் இன்னும் சட்டப் புத்தகத்திலே இருக்கின்றது. அந்த வழியாலேயே உடல்கள் வருகின்றன. ஆகவே இது முடிந்துபோன கதையன்று.

ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்றுண்டு. அறிவின் வரலாற்றை எழுதும்போதெல்லாம் செயப்படுபொருளைத் தேடுங்கள். கண்டுபிடித்தவர் பெயரைச் சொல்லுங்கள். எவருடைய செலவிலே கண்டுபிடித்தார் என்பதையும் சொல்லுங்கள். பெயர் கிடைத்தால் பெயரைச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால், பெயர் ஏன் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லுங்கள்.

என் மாணவன் கட்டுரையைத் திருப்பி எழுதிக்கொண்டு வந்தான். போட்டிக்கு நீளம் மிஞ்சிவிட்டது, பரிசு கிடைக்கவில்லை. ஆனால் கடைசிப் பந்தியிலே தம் உடலைத் தாமே எழுதிவைப்பவரைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. 'அவர் தம் மெய்யைத் தந்தார்' என்று எழுதியிருந்தான். எழுவாயைச் சுற்றிச் சிவப்பு மையினால் ஒரு வட்டம் இட்டேன். பிழை என்று காட்டவன்று. நெடுங்காலம் செயப்படுபொருளாய்க் கிடந்தவர் அந்த வாக்கியத்திலே எழுவாயாகி எழுந்திருந்தார்.